பிரிவு நல்லது என்று எழுதியவன்

எனக்குப் பாரசீக மொழி தெரியாது. உளவியலில் ஒரு வருட டிப்ளோமா இருக்கிறது. அதுவும் பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியர் பதவிக்காக எடுத்தது. இந்தத் தகுதிகளோடு, பாரசீகத்துப் பழங்கவிதைகளை மனிதநேய உளவியலால் விளக்கி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினேன். அந்தக் கவிதைகளில் காதலி எப்போதும் தூரத்திலேயே இருக்கிறாள். காதலன் உருகி உருகித் தன்னைக் கண்டுகொள்கிறான். ஆகவே பிரிவு மனிதனை முழுமையாக்குகிறது என்று முடித்தேன். சுருவில் கிராமத்து வீட்டில், மனைவி ஊற்றித் தந்த தேநீரைக் குடித்துக்கொண்டுதான் இதைக் கண்டுபிடித்தேன்.

கட்டுரை ஒரு சிற்றிதழில் வந்த மாதமே கனடாவில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மனைவிக்கு விசா கிடைத்தது. ஆறு மாதம் என்றுதான் பேச்சு. பிறகு மகள், அம்மா அங்கேயே இருந்துவிடலாம் என்றாள். "அப்பாவுக்கு அவற்ற புத்தகங்களே காணும், வேற ஒருத்தரும் தேவையில்லை."

புறப்படும் நாள் காலை சூட்கேசின் நிறை பார்த்தோம். நான் கைத்தராசில் கொழுவித் தூக்கிப் பிடித்தேன். அவள் குனிந்து வாசித்தாள். இரண்டு கிலோ கூடுதல். தூக்கியபடியே நான் நிற்க, சிப்பைத் திறந்து, மகளுக்கென்று இடித்த பனங்கிழங்கு ஒடியல்மாப் பையை உருவினாள்.

"இஞ்சேருங்கோ, உங்கட கட்டுரையை வாசிச்சனான்."

"முழுக்கவோ?"

"ஓம். பிரிஞ்சிருந்தாத்தான் ஆள் முழுசாகும் எண்டிருக்கு. அப்ப நான் திரும்பி வரத் தேவையில்லைப் போல."

அவள் சிரிக்கவில்லை.

அறிவுரை சொல்லாதே, மறுத்துப் பேசாதே, எதிரில் இருப்பவரின் உணர்வை அவருக்கே திருப்பிச் சொல்: டிப்ளோமாவில் பழக்கியது இது. இருபது வருடமாகப் பிள்ளைகளிடம் செய்து வந்ததும் இதுதான். வாய் தன்பாட்டில் திறந்தது.

"திரும்பி வரத் தேவையில்லை எண்டு உமக்குப் படுது."

நிமிர்ந்து பார்த்தாள். "நான் வராட்டி உங்களுக்கு என்ன?"

"எனக்கு என்ன எண்டு அறிய விரும்புறீர்."

"ஐயோ, நான் என்ன உங்கட பள்ளிக்கூடப் பிள்ளையே? போகாதை எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதோ?"

ஏலவில்லை. முப்பது வருடத்தில் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டுப் பழக்கமில்லை. கேட்க முதலே எல்லாம் மேசைக்கு வந்துவிடும். சூட்கேஸ் கையில் தொங்கியது. குனிந்து தராசைப் பார்த்தேன்.

"இப்ப நிறை சரி," என்றேன்.

விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டி வந்தது. ஏறினாள். போய்விட்டாள்.

அரை மணித்தியாலம் கழித்துக் குசினிக்குள் போனேன். சோறும் கறியும் மூடி வைத்திருந்தாள், இரண்டு நேரத்துக்கு. அதைப் பார்த்த பிறகுதான் போனை எடுத்து அவளுக்கு அழைத்தேன்.

"என்னப்பா, ஏதும் விட்டிட்டு வந்திட்டனோ?"

"போகாதையும்."



"வான் தீவை விட்டுப் பண்ணைப் பாலமும் தாண்டியிட்டுது," என்றாள். குரல் உடைந்திருந்தது. பிறகு பேசவில்லை, போனை வைக்கவுமில்லை. நானும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காதில் வைத்தபடி நின்றேன். வான் ஆனையிறவுப் பக்கம் போயிருக்கவேண்டும், தொடர்பு அறுந்தது. திரும்ப அவளுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.