சாக்ஸுக்குள் பாடிய பாடகி

எங்கள் சித்தி மெல்லிசைக் குழுவில் பாடகி. செங்கல்பட்டில் என் வகுப்பு முழுவதற்கும் இது தெரியும். வாரம் தவறாமல் நான்தான் அறிவிப்பேன். ஆனால் குழுவில் இன்னொரு பாடகியும் இருந்தாள். அவளுக்கு மேடை கிடைக்கும் நாளில் சித்திக்கு வீடுதான். அதனால் சித்தி, சிறுசேரி ஆபீஸுக்குப் போகும் பஸ்ஸில் தினமும் போனில் சவுண்ட் மிக்ஸிங் பாடம் பார்க்க ஆரம்பித்தாள். சீரியல் பார்க்கிறாள் என்றே வீட்டில் நம்பினோம்.

மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். கடற்கரை ரிசார்ட், திறந்த புல்வெளி. சித்தி பாடப்போகிறாள் என்று நான் புது ஃப்ராக், ஷூ, லேஸ் வைத்த வெள்ளை சாக்ஸ் சகிதம் கிளம்பினேன். போய்ப் பார்த்தால் மேடையில் அந்த இன்னொருத்தி. சித்தியோ கூட்டத்துக்குப் பின்னால், பாட்டின் சத்தத்தைச் சரிசெய்யும் மிக்ஸர் முன், கரண்ட் மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவள் மாதிரி. மிக்ஸரில் அவளுக்கு அதுதான் முதல் நாள். எனக்கு மானமே போனது.

மைக்கைச் சோதித்தபோது கடல் காற்று உள்ளே புகுந்தது. ஸ்பீக்கரில் புயல். காற்றைத் தடுக்க மைக்குக்கு மாட்டும் ஸ்பாஞ்ச் உறையை யாருமே எடுத்து வரவில்லை. எல்லோரும் மண்டபத்துக்குள்ளேயே பாடிப் பழகியவர்கள். குழுத் தலைவர் ஓடி வந்தார்.

“இன்னாம்மா இது, பாட்டு கேட்டா ரயிலு போவுது? இன்னிக்கு சொதப்புன, அடுத்த வாட்டி மிக்ஸருக்குப் பழைய ஆளையே இட்டாந்துருவேன்.”

“கத்தாதண்ணா. ரெண்டு நிமிசம் குடு” என்ற சித்தி சுற்றிலும் தேடினாள். பார்வை என் காலில் வந்து நின்றது.

“ஏய், சாக்ஸ கழட்டுடீ.”

“மாட்டேன். புதுசு!”

“அதான்டீ கேக்குறேன். உங்கப்பன் சாக்ஸயா மாட்ட முடியும்? பாடுறவ மயங்கி வுழுந்துடுவா.”

இரண்டு மைக், இரண்டு சாக்ஸ். சித்தி ஏதேதோ குமிழ்களைத் திருகினாள். புயல் ஓய்ந்தது. அந்தப் பாடகி என் சாக்ஸுக்குள் உருகி உருகிப் பாடினாள். கடைசி வரிசையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த தாத்தாகூடத் தாளம் போட்டார். கைதட்டல் மொத்தமும் மேடைக்கே போனது.

திரும்பும் வேனில், அடுத்த கல்யாணத்துக்கும் சித்தியே மிக்ஸரில் உட்காரட்டும் என்றார் தலைவர். பாவம், இனிமேல் பாடவே விடமாட்டார்கள் போலிருக்கிறதே என்று நான் பெரிய மனது பண்ணி ஆறுதல் சொன்னேன்.

“வுடு சித்தி. ஒருத்தர்கூட உன்ன திரும்பிப் பாக்கல.”

“ஒருத்தர்கூடவா? நல்லா பாத்தியா?”

“நல்லா பாத்தேன்.”

சித்தி வாய்கொள்ளாமல் சிரித்தாள். “இன்னொரு தபா சொல்லு.”

சத்தம் கெட்டால்தான் கூட்டம் மிக்ஸர் பக்கம் திரும்பும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இதில் என்ன சந்தோஷம் என்று குழம்பிக்கொண்டே, திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.