எல்லாருக்கும் அரை மணி

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவனை, தண்ணீர் வந்தால் யாரும் நினைப்பதில்லை. வராவிட்டால் யாரும் மறப்பதில்லை. எண்பதுகளில் வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு பேரூராட்சியில் எனக்கு அந்த வேலை. பொது வேலை பார்த்துத் திட்டு வாங்கியவர்களுக்கு என் கதை சொல்லாமலே புரியும்.

கைக்கடிகாரம்

சேர்ந்த புதிதில் நான் பெரிய நீதிமான். கையில் கடிகாரம், தோளில் வால்வு திறக்கும் நீளச் சாவி. தெருவுக்கு அரை மணி, ஒரு நிமிடம் கூடாது, குறையாது. கடைத்தெருவில் தொடங்கி மேட்டுத்தெருவில் முடிப்பேன். அதற்குள் தொட்டி அடிமட்டத்துக்கு வந்துவிடும். மேட்டில் தண்ணீர் ஏறாது, குழாய் புஸ்ஸென்று சீறும். பூப் பறிக்கப் போகும் பாக்கியம் அக்கா காலிக் குடத்தோடு கேட்டார்: "எல்லாருக்கும் அரை மணி, சரி தம்பி. எங்களுக்கு வர்ற காத்த எந்தக் கொடத்துல பிடிக்க?"

என் பங்கு

வெட்கமாகப் போய்விட்டது. மறுநாளே முறையை மாற்றினேன். தொட்டி நிரம்பியதும் மேட்டுத்தெருவுக்கு ஒரு மணி நேரம், கடைத்தெருவுக்குக் கடைசியில் கால் மணி. இரும்புக்கடை அண்ணாச்சி சண்டைக்கு வந்துவிட்டார். "அவுக தெரு மேட்டுல இருக்கது எங்குத்தமாப்பா? எம் பங்க நீ எதுக்கு வெட்டுற?" அவர் கேட்டதும் நியாயம்தான், அதுதான் தொந்தரவு. என் மாமியார் வீடும் கடைத்தெருவில்தான். அரைக்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியார் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "பொண்ணக் குடுத்தது நாங்க. மாப்ள வாக்கப்பட்டது மேட்டுத்தெருவுக்கு!"

கால் தொட்டி

பாக்கியம் அக்கா மகளுக்கு வீட்டு வாசலிலேயே கல்யாணம். ஆத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டார்கள். அன்று பார்த்து மோட்டார் கருகிவிட்டது. தொட்டியில் இருந்தது கால்வாசிதான், மற்ற தெருக்களை எல்லாம் அடைத்தால்தான் அது மேட்டுக்கு ஏறும். உலை வைக்கத் தண்ணீர் இல்லாமல் அக்கா பந்தலில் நின்று அழுதார். ஆனால் ஒரே வீட்டுக்காக ஊரையே அடைக்க நான் யார்?

நேராக அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் கடையை அப்படியே விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார். "எல்லாத்தையும் அடப்பா," என்றார். நான் வாயைப் பிளந்தேன். "நீயா வெட்டாதன்னுதான சொன்னேன். நானாக் குடுக்க மாட்டேன்னா சொன்னேன்?"

பந்தி

தண்ணீர் ஏறியது. மேளத்துக்கு முன்னால் குழாயடியில் குலவைச் சத்தம்! மத்தியானம் அண்ணாச்சி பந்தியில் உட்கார்ந்து மூன்றாவது தடவை ரசம் கேட்டார். கடைத்தெருக்காரர் ஒருவர் மேட்டுத்தெருவில் கைநனைத்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாக்கியம் அக்கா என் இலையில் பாயசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "தண்ணி மேட்டுக்கு ஏறுனது பெருசில்ல தம்பி. அவுக ஏறி வந்தாக பாரு, அதுதான் பெருசு!"

சமூக நீதி வேறு, தனிமனித நீதி வேறு என்று மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை இரண்டுக்கும் திட்டு வாங்குகிறவன் ஒருத்தன்தான்.