மைக் பிடித்த அழகுபாண்டி

மைக்கைக் கையில் வாங்கியதும் அழகுபாண்டி முதலில் பார்ப்பது ஆட்டக்காரர்களை அல்ல, சட்டைப்பையில் இருக்கும் துண்டுச் சீட்டை. கட்சியின் மாவட்டச் செயலாளர், பகுதி, வட்டம், கவுன்சிலர், கோப்பை கொடுத்தவர், பந்தல் போட்டவர் என்று பதவி வரிசைப்படி பெயர்கள். அதைப் படித்து முடித்துவிட்டுத்தான் கபடிக்கு வருவார்.

வாரத்தில் ஐந்து நாள் ஆரப்பாளையத்தில் பைக் சீட்டுக்கு உறை தைக்கிறார். சனி, ஞாயிறு பெண்கள் கபடிப் போட்டிகளுக்கு வர்ணனை. அருமையான குரல். ரெய்டு போகிறவளின் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அவள் திரும்பும் முன்பே சொல்லிவிடுவார். ஆனால் கரைவேட்டி ஒன்று காரைவிட்டு இறங்கினால் போதும், ரெய்டு பாதியில் அநாதையாகிவிடும். “நமது அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும்” என்று ஆரம்பித்து, வந்தவரின் பட்டங்களை ஒன்று விடாமல் சொல்லி முடிக்கும்போது யார் அவுட் என்று யாருக்கும் தெரியாது. போட்டியை நேரலையில் காட்டும் யூடியூப் சேனல்காரரின் கேமராவும் அந்நேரம் காரைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு வேட்டி தெரியும், பாயிண்ட் தெரியாது.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். மேலூர்ப் பக்கம் ஒரு போட்டியில் மாவட்டச் செயலாளருக்கு முன்னால் ஒன்றியச் செயலாளரின் பெயரைச் சொல்லிவிட்டாராம்.

“எட்டு மாசம் ஒரு பய கூப்பிடலண்ணே. சீட்டு கவரு தச்சா வகுறு நெறையும், மனசு நெறையுமா?”

அவர் மகள் சரண்யாதேவி கபடி ஆடுகிறாள். பயிற்சி வைகைக்கு வடகரையில், ஒரு பழைய திடலில். பெண்பிள்ளைகளுக்கு அதை விட்டால் வேறு இடம் கிடையாது. அங்கே கார் நிறுத்தம் கட்டப் போவதாகப் பேச்சு அடிபட்டது. போன மாதம் அதே திடலில் கவுன்சிலரின் பிறந்தநாள் கோப்பைப் போட்டி. அதற்கு முதல்நாள் மகள் அவரிடம் கேட்டிருக்கிறாள்.

“ஒரே ஒரு தடவ மைக்குல கேளுப்பா, பிள்ளைக எங்க போயி ஆடும்னு. லைவ்ல ஊரே பாக்கும்.”

கேட்கிறேன் என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாராம். என்னிடமும் அதைப் பெருமையாகச் சொன்னார்.

இறுதி ஆட்டத்தில் ஜெயித்தது சரண்யாதேவியின் அணிதான். கோப்பையைக் கொடுத்த கையோடு, இந்த இடத்தில் மூன்று மாடிக் கார் நிறுத்தம் வருகிறது, அடுத்த வாரம் பூமிபூஜை என்று கவுன்சிலர் அறிவித்தார். பிள்ளைகள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். மைக் அழகுபாண்டியின் கைக்கு வந்தது, கேமராவும் அவர் பக்கம் திரும்பியது. மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தொண்டையைச் செருமினார். கேட்டுவிடுவார் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் நம்பினேன்.

“அண்ணன் சொன்னதுக்கு எல்லாரும் ஒரு தடவ ஜோரா கைதட்டுங்க” என்றார்.

ஒருவரும் தட்டவில்லை. அழகுபாண்டி மைக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு தாமே தட்டத் தொடங்கினார். அந்த ஒரு ஜோடிக் கையின் சத்தம் திடலின் நான்கு ஸ்பீக்கரிலும் கேட்டது.