அட்டையில்லாத காமிக்ஸ்

என் கணவருக்கு நிலம் நீச்சு எதுவும் கிடையாது. ஒரு டிரங்குப் பெட்டி நிறைய காமிக்ஸ்தான் அவருடைய சொத்து. கல்யாணமாகிக் குரும்பலூருக்கு வந்த புதிதில் பெட்டியைத் திறந்து காட்டினார். அட்டைக்கு அட்டை முகமூடி போட்டவனும், மாடிக்கு மாடி தாவுகிறவனும், உள்ளே போடவேண்டியதை வெளியே போட்டுக்கொண்டு பறக்கிறவனும்தான். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த காலத்திலிருந்து பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலும் திருச்சி பழைய புத்தகக் கடைகளிலும் அலைந்து சேர்த்தவை.

"கழுத வயசாச்சு, இன்னும் பொம்ம புஸ்தகமா?" என்று சிரித்தேன்.

"சிரி சிரி. இதெல்லாம் இனிமே அச்சுல வராது. இன்னும் கொஞ்ச வருசம் போவட்டும், தங்கமாட்டம் வெல போவும் பாரு" என்றார்.

போகும், போகும், கழுதைக்குக் கொம்பு முளைக்கும்போது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவர் ஏசி மெக்கானிக் வேலைக்குச் சவூதி போய்விட்டார். மகள் பிறந்ததைப் போனில்தான் கேட்டார். அவள் நடக்கத் தொடங்கிய சமயம், ஒரு நாள் பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டார். குரலே துள்ளியது. பழைய காமிக்ஸ் சேர்க்கிற திருச்சிக்காரர் ஒருவர் மொத்தப் பெட்டியையும் வாங்கத் தயாராம்.

"லீவுல வந்ததும் வித்துடறேன். அந்தக் காசுல பெரம்பலூர்ல சின்னதா ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் கடை போட்டுடலாம். அப்புறம் இந்த சவூதிக்கு நான் திரும்பி வரவே வேணாம். அதுவரைக்கும் பெட்டியப் பத்தரமா பாத்துக்க."

அன்று ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கமில்லை எனக்கு. சந்தோஷத்தில்தான்.

மறுநாள் பெட்டியைத் திறந்தால் மனசு சோர்ந்துபோயிற்று. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, அட்டை நைந்து, ஓரமெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தது. இதை எந்த மனுஷன் காசு கொடுத்து வாங்குவான்? சந்தைக்கு ஓட்டுகிற மாட்டைக்கூடக் குளிப்பாட்டித்தானே ஓட்டுகிறோம்! உடையார்பாளையத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிற சாக்கில், இரண்டு கட்டைப்பைகளில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு அரியலூரில் இறங்கினேன். பள்ளிக்கூட ரெக்கார்டெல்லாம் பைண்டிங் செய்கிற கடை ஒன்று எனக்குத் தெரியும்.

"அட்டையோட தச்சா சீரா வராதும்மா. எடுத்துடட்டா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எடுத்துடுங்கண்ணே. கிழிஞ்ச அட்டைய வச்சு பூசையா பண்ணப்போறோம்?"

"தனியாக் கட்டித் தரட்டுமா?"

"அய்ய, அந்தக் குப்ப எதுக்கு?" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

சிவப்புக் காலிகோ துணி ஒட்டி, ஓரத்தை மெஷினில் வழவழவென்று வெட்டி, செங்கல் கனத்தில் புத்தகங்களாகக் கொடுத்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவர் வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று போனில்கூட மூச்சுவிடவில்லை.

வந்தார். மகளைத் தூக்கிக்கொண்டே பெட்டியைத் திறந்தார். ஒன்றை எடுத்துப் புரட்டினார். இன்னொன்றை எடுத்தார். மகளை இறக்கிவிட்டுவிட்டு எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார்.

"எப்படி இருக்குங்க?"

"நல்லா இருக்கு" என்றார். பயணக் களைப்பு என்று நினைத்தேன். மண்டு, மண்டு!

மறுநாள் திருச்சிக்காரர் வந்தார். மேலாக இருந்ததைத் திறந்ததுமே, "அட்டையெல்லாம் எங்கங்க?" என்றார். "அட்டை இருந்தாத்தாங்க இதுக்கு மதிப்பே. ஓரத்தையும் வெட்டிட்டாங்க. படிக்கிறதுக்கு வேணா ஆகும். எனக்கு வேணாங்க" என்று மூடி வைத்தார்.

அடுப்படி வாசலில் நின்ற மாமியார் கொதித்துவிட்டார். "எந்தக் கூறுகெட்டது பண்ண வேலடா இது?"

"நான்தாம்மா. போன்ல நான்தான் பைண்டு போடச் சொன்னேன். இவ என்ன பண்ணுவா, பாவம்" என்றார் அவர்.

வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்ட மாதிரி நான் நின்றேன். "இல்லத்த, நான்தான்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. மாமியார் பெற்ற பிள்ளையை வாய் ஓய்கிற மட்டும் வைதார். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். வந்தவருக்கு நான் காப்பி கலந்துகொண்டிருந்தேன், வெட்கங்கெட்டவள்.

கடை போகட்டும். இவர் மறுபடி சவூதிக்குப் போகவேண்டுமே! லீவு முடிகிற வரைக்கும் அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. மகளுக்குத் தலை வாரிவிட்டார், குழாயடியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

கிளம்புகிற அன்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு மகளோடு நானும் போனேன். திருச்சி வண்டி நின்றது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"என்னங்க, போறதுக்கு முந்தி என்னை நல்லா நாலு வார்த்த திட்டிட்டுப் போங்களேன்" என்றேன்.

அவர் மகளை என் இடுப்பில் மாற்றினார்.

"திட்டுனா நீ அழுவ. நீ அழுதா நான் எப்படி வண்டி ஏறுவேன்?" என்றார்.