அக்கா கேட்ட மறுபரிசீலனை

என் கையெழுத்து கோழி கிறுக்கியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'மறுபரிசீலனை' என்ற சொல்லை மட்டும் தவறில்லாமல் எழுதுவேன். அது எங்கள் வீட்டுக்கு அக்காவோடு வந்த சொல்.

அக்கா செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். தொழிலாளிகள் ஏதாவது கேட்டால் பலகையில் 'மறுபரிசீலனை செய்யப்படும்' என்று ஒட்டுவார்களாம். அப்படி ஒட்டினால் நடக்காது என்றுதான் அர்த்தம் என்று மற்றவர்கள் சிரிப்பார்களாம். அக்கா சிரிக்க மாட்டாள். மதுராந்தகத்தோடு திரும்பிக்கொண்டிருந்த கம்பெனி பஸ், அப்படி ஒட்டிய பிறகுதான் எங்கள் அச்சரப்பாக்கம் வரை வந்தது.

கல்யாணம் கூடி வர வேண்டி அவள் திருவிடந்தைப் பெருமாளுக்கு மாலை சாத்தி, கோயிலில் கொடுத்த மாலையைக் கழுத்தில் போட்டுச் சுற்றி வந்த சில மாதங்களில் கருங்குழியிலிருந்து வரன் வந்தது. நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றினார்கள். பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா, கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகாது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டார்.

எல்லோரும் போன பிறகு, பட்டுப்புடவையை மாற்றாமலே அக்கா அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"நைனா, இத மறுபரிசீலனை பண்ணணும்."

"இன்னாமே, எலக்சன்ல நிக்கிறியா?" என்றார் அப்பா. அம்மா, ஆணியில் தொங்கிய கோயில் மாலையைக் காட்டி அழுதாள்.

"வேணாம்னு சொல்லல நைனா. என்னைக் கேக்காம பேசி முட்ச்சிட்டீங்க. இன்னொரு தபா உக்காந்து பேசுங்கன்றேன். வேலைய வுட மாட்டேன்."

எங்கள் பக்கம் தாய்மாமன் தட்டைத் திருப்பி எடுத்துப் போனால் கல்யாணம் முறிந்தது. முறிக்காமல் திரும்பப் பேசுவதற்கு முறை எதுவும் கிடையாது. லாரி ஓட்டும் என் மாமா வெகுநேரம் யோசித்துவிட்டு, "தட்டு இங்கியே இருக்கட்டும். நான் கைய வீசினு போறேன்" என்றார்.

நானும் கூடப் போனேன். கருங்குழியில் எங்களை உட்காரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே மாமா அக்கா சொன்னதைச் சொன்னார். மாப்பிள்ளை தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா உள்ளே போய்விட்டார். அதன் பிறகு பதிலே இல்லை. தெருவில் யார் கேட்டாலும் நான் ஒதுங்கிப் போனேன். அக்கா வழக்கம்போல் பஸ் ஏறினாள். ராத்திரி சாப்பாட்டை மட்டும் பாதியில் வைத்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயும் மகனும் மட்டும் வந்தார்கள். அந்த அம்மா அப்பாவிடம் பேசவில்லை. நேராக அக்காவைப் பார்த்து, "எம்மா, நீயே சொல்லு. இன்னா பண்ணலாம்?" என்றார்.

அன்றைக்குத்தான் அந்தக் கேள்வியை அவளிடம் ஒருவர் கேட்டார்.

"கண்ணாலம் பண்ணிக்கிறேன் அத்தே. காலைல ஆறு மணிக்கு பஸ்சு. நாஸ்தா நீங்கதான் பண்ணணும்."

அந்த அம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார். "இவனுக்கும் கத்துக் குடுத்துடறேன்" என்றார்.

அத்தை இப்போது இல்லை. அக்கா இன்னும் ஆறு மணி பஸ்சில்தான் போகிறாள். நேற்று கருங்குழியில் அவள் வீட்டில் தங்கினேன். விடியற்காலையில் அக்கா வீட்டுக்காரர் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஆவணி மாதம், திங்கட்கிழமை எழுதியது.