தெரியாமல் வாசித்த கடிதம்

நாலு வருடத்துக்கு முன், கனடாவில் ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் நடந்தது இது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

எங்கள் எதிர்வீட்டில் கயானா நாட்டு மனுசி ஒருவர் இருந்தார். என் வயதுதான். அவருடைய பூட்டனார் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். மனுசிக்குத் தமிழ் ஒரு சொல்லும் வராது. ஆனால் மாரியம்மனைக் கும்பிடுவார். அவருடைய மகள் குடும்பக் கதையை ஆவணப்படமாக எடுத்துக்கொண்டிருந்தாள். பூட்டனாருக்கு ஊரிலிருந்து வந்த ஒரேயொரு கடிதத்தைக் கொண்டுவந்து, கமராவுக்கு முன் என்னை இருத்தி வாசிக்கச் சொன்னார்கள்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். அச்செழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்து பிடிபடாது. அதை வெளியில் காட்டியதில்லை. கோயிலில் தேவாரப் புத்தகத்தை விரித்துவைத்து மனப்பாடமாகப் பாடுவேன். யாராவது படிவம் நீட்டினால், கண்ணாடி வீட்டில் என்பேன். அன்றைக்குக் கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

"கெதியா வாசியும், எனக்கு வயசு போகுது" என்று மனுசி ஆங்கிலத்தில் பகிடி விட்டார்.

விரலை வரிகளில் ஓட்டினேன். எல்லாரும் சுகம், நீயும் சுகமாய் இரு, அம்மன் துணை என்று வாயில் வந்ததை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஊர்ப் பேர் இருக்கா?"

இல்லை என்றேன். பரவாயில்லை என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். அந்த விண்டரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிறகு நூலக மண்டபத்தில் படத்தைக் காட்டினார்கள். திரை நிறையக் கடிதம், கூடவே என் குரல். பக்கத்துக் கதிரையில் இருந்த தமிழர் ஒருவர் என் பக்கம் சரிந்தார்.

"அக்கா, அதில உப்பிடி ஒண்டும் இல்லையே. மேலேயே ஊர்ப் பேர் கிடக்கு. தாய்க்குக் கண் தெரியேல்லையாம். ஒருக்கா வந்து குரலையாவது காட்டச் சொல்லி எழுதியிருக்கினம்."

படம் முடிந்ததும் அவரையும் கூட்டிக்கொண்டு மனுசியின் மகளிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவள் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். அந்த ஊர்ப் பெயரைத் தனக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "அன்ரி, இதைக் கமராவுக்கும் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

அடுத்த கிழமை சொன்னேன். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை; அந்த மனுசி உயிரோடு முன்னால் இருந்தபோது அந்த அரை நிமிடத்துக்கு என் மனம் இடம் கொடுக்கவில்லையே என்பதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது.