ஸ்கேன் அறையில் ஒரு கம்பளி வளையம்

கலைச்செல்வி திருநெல்வேலியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுப்பவள். வெளியே வெயில் கொளுத்தினாலும், இயந்திரம் சூடாகக் கூடாதென்று அந்த அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும். காற்று நேராக அவள் பிடரியில் வந்து விழும். துப்பட்டாவைச் சுற்றிப் பார்த்தாள், கழுத்துவலி விடவில்லை. யூடியூபைப் பார்த்து, தலைவழியாகக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கம்பளி வளையம் ஒன்றைப் பின்னத் தொடங்கினாள்.

ஆழ்வார்குறிச்சியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். பின்னல் அந்தப் பயணத்தில்தான் வளர்ந்தது. ஒரே நூற்கண்டில் பச்சை, மஞ்சள், கத்தரிப்பூ நிறம் என்று மாறி மாறி வந்தது. வரிசைக்கிடையே முண்டு முண்டாக எழும்பும்படி பின்னினாள். பின்னல் ஊசியைக் கண்டதும் எதிர் இருக்கையில் இருந்த பெண் அவள் வயிற்றைப் பார்த்தாள்.

“எத்தனை மாசம்?”

“கல்யாணமே ஆகலக்கா. இது நான் போடுததுக்கு.”

“இந்த வெக்கையிலயா?”

கலைச்செல்வி அடுத்த வரிசையைத் தொடங்கினாள்.

முடித்துப் போட்டுக்கொண்ட வாரமே மேலப்பாளையத்திலிருந்து ஆசியா உம்மாள் வந்தாள். உட்கார்ந்து பீடி சுற்றியே இடுப்பு பிடித்துப்போனவள். கூடவே மகள் ரைஹானத். படுக்கை இயந்திரத்துக்குள் நகர்ந்ததும் ஆசியா உம்மாள் அலறினாள்.

“வெளிய எடு தாயி! கபுருக்குழிக்குள்ள வச்சு மூடுன மாதிரில்லா இருக்கு.”

மறுபடி முயன்றபோதும் அதே அலறல். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். கலைச்செல்வி தன் கழுத்திலிருந்ததைக் கழற்றி அவள் கையில் வைத்தாள்.

“கண்ணத் தொறக்காதீங்கம்மா. இதுல முண்டு முண்டா இருக்குல்லா, அதைப் பைய தடவிக்கிட்டே இருங்க. விரலைத் தவிர வேற எதுவும் அசையக் கூடாது.”

இயந்திரம் தடதடத்தது. பீடி இலைக்குப் பழகிய விரல்கள் நிற்காமல் நகர்ந்தன. படம் தெளிவாக விழுந்தது. எழுந்து வந்தவள் வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அப்படியே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். கேட்டு வாங்கியிருக்கலாம், கலைச்செல்விக்கு வாய் வரவில்லை. ரயிலில் போகும்போது எரிச்சலாக இருந்தது.

சில நாள் கழித்து ரைஹானத் ஒரு பையோடு வந்தாள்.

“ஆபரேசன் வேண்டாம், மாத்திரையே போதும்னுட்டாவக்கா. உம்மா இதைத் தெரியாம கொண்டுபோயிட்டா. சும்மா குடுக்கக் கூடாதுன்னு நாந்தான் தொவச்சு, அயர்ன் பண்ணி எடுத்துட்டு வந்தேன்.”

கலைச்செல்வி பிரித்துப் பார்த்தாள். செயற்கைக் கம்பளி அது. முண்டுகள் எல்லாம் சூட்டில் அமுங்கித் தட்டையாகிவிட்டிருந்தன. இனி எழும்பாது என்று அவளுக்குத் தெரியும். ரைஹானத் அவள் முகத்தையே ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா பண்ணிருக்கம்மா,” என்றாள்.

மாட்டிப் பார்த்தபோது வளையம் துணிபோலத் துவண்டு, முன்பைவிடக் கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது. குளிர் புகவில்லை. அதையே போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். நோயாளிகளுக்கென்று முண்டு வைத்து இன்னொன்று பின்னி, அறை வாசலில் மாட்டிவைத்தாள். பயப்படுகிறவர்களுக்குக் கேட்காமலே கொடுப்பாள். எழுந்து வெளியே வரும்போது, “அதைக் குடுத்துட்டுப் போங்க” என்று சொல்லவும் பழகிக்கொண்டாள்.